நாற்பத்தோராம் எண் கோப்பு

சின்ன சாருக்குக் கடைவாய்ப் பல் பிடுங்கிய அன்றுதான் அந்தப் பதவியும் வந்து சேர்ந்தது. வாயில் பஞ்சை அடக்கிக்கொண்டு, பாதி முகம் தன்னுடையதா அடுத்தவருடையதா என்று தெரியாத நிலையில் அவர் தங்கள் வக்கீல் அலுவலகப் படியேறியபோது கூட்டம் முடியும் நேரம். மேசையின் ஒரு கோடியில் அவருடைய அக்கா உட்கார்ந்திருந்தார். இந்தப் பொறுப்புக்கு நீதான் சரி என்று எல்லாருக்கும் தோன்றுகிறது, உனக்கு ஏதாவது ஆட்சேபணை உண்டா என்று கேட்டார். சின்ன சார் சொன்ன பதில் சின்ன சாருக்கே விளங்கவில்லை. பஞ்சுக்குப் பின்னாலிருந்து வந்த சத்தத்தைச் சம்மதம் என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்கள். இப்படிப்பட்ட சம்மதம் சட்டப்படி செல்லாது என்று அவர் ஒரு வழக்கே போட்டிருக்கலாம். இதுவரை தான் போட்ட வழக்குகள் எல்லாம் என்ன ஆயின என்று யோசித்துப் பார்த்துவிட்டு, பேசாமல் உட்கார்ந்துகொண்டார்.

பதவியின் பெயர் இணக்க அலுவலர். ஐம்பத்திரண்டு வயதில் முப்பது வருஷம் அப்பாவுக்கும் அக்காவுக்கும் இணங்கிப் போனதுதான் அவருடைய மொத்த அனுபவம் என்பதால், பொருத்தமான ஆளைத்தான் பிடித்திருக்கிறார்கள் என்று வீட்டில் மனைவியிடம் சொன்னார். மனைவி, தனக்கு இணங்கியதைக் கணக்கில் சேர்க்கவில்லையே என்று மட்டும் கேட்டார்.

விஷயம் இதுதான். கறுப்புப் பணம் வைத்திருப்பவர்கள் வங்கிக்கு நேராகப் போனால் மாட்டிக்கொள்கிறார்கள். அதனால் வக்கீலிடம் வருகிறார்கள். வீடு வாங்குகிறோம், கம்பெனி தொடங்குகிறோம் என்று சொல்லி வக்கீலின் கணக்கில் பணத்தைப் போட்டு, மறுபக்கம் அதை வெள்ளையாக்கி எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். வக்கீலும் நல்ல கட்சிக்காரர் என்று வாசல்வரை வந்து வழியனுப்புகிறார். இதைத் தடுக்க அரசாங்கம் புதிய விதிகள் கொண்டுவந்திருந்தது. ஒவ்வொரு கட்சிக்காரரும் யார், பணம் எங்கிருந்து வந்தது, எதற்காக வந்தது என்று கேட்டு எழுதி வைக்க வேண்டும். சந்தேகம் தீராவிட்டால் அதற்கென்று உள்ள அரசாங்கப் பிரிவுக்குத் தகவல் கொடுக்க வேண்டும். இதற்கெல்லாம் சட்ட அலுவலகம் ஒவ்வொன்றும் ஓர் ஆளைப் பொறுப்பாக்க வேண்டும். தப்பு நடந்தால் அபராதமும் அதற்கு மேலே போனால் சிறையும் அந்த ஆளுக்குத்தான். இந்தக் கடைசி வரியைச் சின்ன சார் பஞ்சை எடுத்த பிறகுதான் படித்தார்.

அலுவலகம் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே முதல் மாடியில் இருந்தது. அப்பா தொடங்கியது. அப்பா போன பிறகு அக்கா பெரிய மேடம், தம்பி சின்ன சார். பணியாளர் ஒன்பது பேர், இரும்பு அலமாரி பதினான்கு. அப்பாவுக்கு ஒரு பழக்கம் இருந்தது. தனக்கு அறிமுகமானவர் யார் வந்தாலும் அடையாள அட்டை, முகவரிச் சான்று என்று எதையும் கேட்கமாட்டார், அது மரியாதைக் குறைவு. கோப்பின் அட்டையில் 'தெரிந்தவர்' என்று ஒரு ரப்பர் முத்திரை குத்துவார், அவ்வளவுதான் விசாரணை. அப்பாவுக்குத் தெரியாதவர்கள் ஊரில் குறைவு. அவர் காலமான பிறகும் முத்திரை ஓயவில்லை. தெரிந்தவரின் மகன், தெரிந்தவரின் மகனுடைய பங்காளி, பங்காளியின் மாப்பிள்ளை என்று எல்லாக் கோப்பிலும் அது விழுந்துகொண்டே இருந்தது. பதினான்கு அலமாரியைக் குடைந்தாலும் ஒரு கட்சிக்காரரின் பிறந்த தேதி கிடைக்காது.

சின்ன சாரைப் பற்றி இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். தன்னைத் தானே கிண்டல் செய்துகொள்வதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. மற்றவர்கள் ஆரம்பிப்பதற்குள் தானே ஆரம்பித்துவிடுவார். அக்கா வாதாடினால் நீதிபதி பேனாவை எடுக்கிறார், நான் வாதாடினால் கடிகாரத்தைப் பார்க்கிறார் என்பார். தான் உருப்படியாகச் செய்த காரியம் வாழ்க்கையில் ஒன்றே ஒன்றுதான் என்றும் சொல்வார். அந்த ஒன்றில் மட்டும் கிண்டல் கிடையாது. அது அவருடைய வீடு.

பதினாறு வருஷத்துக்கு முன்னால் இரண்டு மரக்கடைக்காரர்களுக்கு நடுவே ஒரு மதில் சுவர் வழக்கு முடிந்தது. ஏழு வருஷம் நடந்து, சின்ன சார் தனியாக நின்று ஜெயித்தது. கட்சிக்காரர் மொத்தக் கட்டணத்தையும் ஒரே தடவையில் கொடுத்துவிட்டார், இது உன் பங்கு என்று சொல்லி அப்பா வீட்டுக் கிரயத் தொகையைக் கட்டினார். இரண்டு படுக்கையறை, பின்னால் ஒரு கொய்யா மரம். கல்யாண வீடாக இருந்தாலும் துக்க வீடாக இருந்தாலும், பேச்சு அக்காவின் சாமர்த்தியத்தைப் பற்றித் திரும்பும்போதெல்லாம் அவர் மெல்லத் தொண்டையைச் செருமுவார். "எனக்கு எல்லாம் அக்கா போட்ட பிச்சைதான். வீடு மட்டும் என் சொந்தக் கால்ல நின்னு வாங்கினது. அதுல அக்கா காசு ஒரு பைசா கிடையாது." அக்கா பக்கத்தில் இருந்தாலும் சொல்வார். அக்கா தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்வார்.

பயிற்சி மூன்று நாள் நடந்தது. வக்கீல் சங்கத்துக் கூடத்தில், குளிர்சாதனம் வேலை செய்யாத மூலையில் உட்கார்ந்து, கறுப்புப் பணத்தின் அடையாளங்கள் இருபதையும் மனப்பாடம் செய்துகொண்டு வந்தார். வந்தவர் பழைய ஆளாக இல்லை. மூக்குக்கண்ணாடிக் கடையில் கூட்டமே இல்லை, ஆனால் வாடகை ஒழுங்காகக் கட்டுகிறார்களே, எப்படி என்று கேட்டார். மனைவி காய்கறிக்காரரிடம் சில்லறை வாங்காமல் வந்ததற்கு நோக்கம் என்ன என்று கேட்டார். முப்பது வருஷமாக யாரும் அவரை ஒரு விஷயத்துக்கும் அதிகாரி ஆக்கியதில்லை. ஆக்கினால் என்ன ஆகும் என்று இப்போது எல்லாருக்கும் தெரிந்தது.

நடப்பில் இருக்கும் கோப்புகள் அறுபத்து மூன்று. ஒவ்வொன்றுக்கும் இருபது கேள்வி, கேள்விக்கு இரண்டு மதிப்பெண், நாற்பதுக்கு எவ்வளவு என்று ஆபத்தை அளந்து சிவப்பு, மஞ்சள், பச்சை ஒட்ட வேண்டும். முகத்துக்கு அஞ்சாமல் அளக்க வேண்டுமென்றால் பெயரைப் பார்க்கக் கூடாது என்றார் அக்கா. சின்ன சாருக்கும் அது நியாயமாகப் பட்டது. ஆகவே கணக்கு பார்க்கும் அம்மாள் கோப்புகளைப் படித்து, பெயர், தொகை, இடம் எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, வெறும் எண்ணும் ஆம்-இல்லையும் மட்டும் போட்டுப் பட்டியல் தயாரித்தார். அந்த அம்மாள் இருபத்திரண்டு வருஷமாக அங்கே இருக்கிறார். கேட்டால் ஒழிய வாயைத் திறக்காதவர்.

பட்டியலை வாங்கிய சின்ன சார் அரைமணி நேரத்தில் துள்ளிக் குதித்தார். நாற்பத்தோராம் எண் கோப்பு நாற்பதுக்கு முப்பத்தாறு வாங்கியிருந்தது. அடையாளச் சான்று இல்லை. வருமானச் சான்று இல்லை. கிரயத் தொகை முழுவதும் மூன்றாம் நபர் கட்டியது, அந்த நபர் யார் என்ற குறிப்பு இல்லை. வங்கி கடன் தர மறுத்த பத்தே நாளில் பணம் வந்திருக்கிறது. கட்சிக்காரருக்கு அலுவலகத்தில் செல்வாக்கு உண்டா என்றால் உண்டு. இப்போது அதே சொத்தில் பாதியைக் குடும்பத்தாரின் பெயருக்கு மாற்றவும் முயற்சி நடக்கிறது. பயிற்சியில் படம் போட்டுக் காட்டிய திருடன்கூட இவ்வளவு பொருத்தமாக இல்லை.

மறுநாள் காலையில் பணியாளர் பயிற்சி. ஒன்பது பேரும் வரவேற்பறையில் உட்கார்ந்தார்கள், அக்கா கடைசி நாற்காலியில். விதிகளைப் பத்து நிமிஷத்தில் முடித்துவிட்டு, சின்ன சார் நாற்பத்தொன்றுக்கு வந்தார். கேள்வி இருந்தால் நடுவில் குறுக்கிடாமல் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுங்கள், நான் உரக்கப் படித்துப் பதில் சொல்கிறேன் என்று முன்னமே சொல்லியிருந்தார்.

"இந்த ஆள் யாருன்னு எனக்குத் தெரியாது. ஆனா எப்படிப்பட்டவன்னு சொல்றேன்," என்று தொடங்கினார். இவனுடைய வருமானத்தில் இந்தச் சொத்தை வாங்கியிருக்கவே முடியாது. பின்னால் யாரோ இருந்துகொண்டு பணம் கொடுத்திருக்கிறார்கள். முன்னால் நிற்கிறவன் வெறும் பொம்மை. ஆனால் வெளியே போய்ச் சொந்தச் சம்பாத்தியம் என்று மார்தட்டியிருப்பான், இப்படிப்பட்டவர்கள் எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள் என்று பயிற்சியில் சொன்னார்கள். இவன் ஒன்று கெட்டிக்கார அயோக்கியன், இல்லையென்றால் தன் பெயரில் என்ன நடக்கிறது என்றே தெரியாத அசடு. பேசப் பேச அவருக்கே தன் குரல் பிடித்துப்போயிற்று. நீதிமன்றத்தில் ஒருநாளும் இப்படி வந்ததில்லை. கணக்கு அம்மாள் இரண்டு தடவை எழுந்து உட்கார்ந்ததையும், இளைய வக்கீல் ஒருவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்ததையும் அவர் கவனித்தார், ஆர்வம் என்று நினைத்துக்கொண்டார்.

கடைசியில் கணக்கு அம்மாள் ஒரு சீட்டை எழுதி நீட்டினார். முதல் கேள்வி வந்துவிட்டது என்ற சந்தோஷத்தில் சின்ன சார் அதைப் பிரித்து, சொன்ன சொல் தவறாமல் உரக்கப் படித்தார். "நாற்பத்தொண்ணு உங்க வீடு சார்."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அவர் பிழைத்திருப்பார். இரண்டு மாதத்துக்கு முன்னால், மனைவி பெயரையும் வீட்டுப் பத்திரத்தில் சேர்க்க அவரே ஒரு கோப்பைத் திறக்கச் சொல்லியிருந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அக்கா எழுந்து, எல்லாரும் வேலையைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டார்.

சிவப்புக் கோப்பை ஏழு வேலைநாளுக்குள் விளக்கம் கேட்டுத் தீர்க்க வேண்டும், தீராவிட்டால் அரசாங்கத்துக்கு எழுத வேண்டும் என்பது விதி. சங்கத்திலிருந்து ஆய்வுக்கு வருகிறவர்கள் முதலில் சிவப்பைத்தான் கேட்பார்கள். சின்ன சார் புகார்ப் படிவத்தை எடுத்துப் பார்த்தார். சந்தேகத்துக்கு உரியவருக்கு இந்தத் தகவல் எந்த வழியிலும் தெரியக் கூடாது என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தது. தன்னைப் பற்றித் தானே எழுதிவிட்டு, அது தனக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்வது எப்படி என்று கொஞ்ச நேரம் உண்மையாகவே யோசித்தார்.

ஆனால் உள்ளுக்குள் பயம் இல்லை. மூன்றாம் நபர் மரக்கடைக்காரர்தானே. மதில் வழக்கின் கட்டணக் கணக்கைக் காட்டினால் கோப்பு பச்சையாகிவிடும், மானமும் திரும்பிவிடும். அந்தக் கணக்கைத் தேடி எடுத்து வரச் சொன்னார்.

கணக்கு அம்மாள் வெகு நேரம் கழித்து ஒரு பழைய பேரேட்டோடு வந்தார். அதை மேசையில் வைத்துவிட்டு, போகாமல் நின்றார். மதில் வழக்கின் பக்கத்தில் ஏழு வருஷச் செலவு வரிசையாக இருந்தது. வரவுப் பக்கத்தில் ஒரே ஒரு வரி. கட்சிக்காரர் ரொக்கம் தர இயலாததால் கட்டணத்துக்கு ஈடாகத் தேக்குப் பெஞ்சு ஒன்று பெற்றுக்கொள்ளப்பட்டது. அப்பாவின் கையெழுத்து.

சின்ன சார் கதவு வழியாக வரவேற்பறையைப் பார்த்தார். பதினாறு வருஷமாகக் கட்சிக்காரர்கள் உட்கார்ந்து எழுந்து வழவழப்பாகிப்போன நீளப் பெஞ்சு அங்கே கிடந்தது. அவர் வாழ்க்கையில் ஜெயித்த பெரிய வழக்கு அதுதான், நான்கு காலும் சாய்மானமுமாக.

"அப்ப வீட்டுக்குக் கட்டினது யார்?" என்று கேட்டார்.

"பெரிய மேடத்தக் கேளுங்க சார்," என்றார் கணக்கு அம்மாள்.

அன்று மத்தியானம் அவர் சாப்பிடவில்லை. கல்யாண வீடுகளும் துக்க வீடுகளும் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. அதுல அக்கா காசு ஒரு பைசா கிடையாது. எத்தனை தடவை சொல்லியிருப்பார் என்று எண்ணத் தொடங்கி, முப்பதைத் தாண்டியதும் நிறுத்திவிட்டார். இல்லை, அப்பாவின் பணமாகத்தான் இருக்கும், அக்காவுக்கு விவரம் தெரியும், அவ்வளவுதான் என்று ஒருபக்கம் தேற்றிக்கொண்டார். இன்னொரு பக்கம் வெட்கம் பிடுங்கித் தின்றது. அக்கா அறைக்குப் போய்த் தம்பியாகக் கேட்கத் துணிச்சல் வரவில்லை. ஆகவே எந்தக் கோழையும் செய்யக்கூடியதைச் செய்தார். மூன்றாம் நபர் விசாரணைக்கு நாளை பதினொரு மணிக்கு அடையாள அட்டையுடன் ஆஜராகவும் என்று அக்காவுக்கு ஒரு கடிதம் தட்டச்சு செய்து அனுப்பினார். இடையில் இருந்தது ஒரு சுவர்.

அக்கா பதினொரு மணிக்குக் கதவைத் தட்டிவிட்டு வந்தார். கட்சிக்காரர் நாற்காலியில் உட்கார்ந்து, கைப்பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தார். சின்ன சார் அதைப் பார்த்துப் பிறந்த தேதியை எழுதினார். மாதத்தை அவர் இத்தனை வருஷமாகத் தப்பாக நினைத்துக்கொண்டிருந்தார்.

படிவத்தில் பதினான்கு கேள்விகள். பெயர், தொழில், கட்சிக்காரருக்கு என்ன உறவு என்பதெல்லாம் சுலபமாகப் போயிற்று. ஆறாவது கேள்வி, கிரயத்தில் எந்தப் பகுதி உங்களுடையது.

"பேங்க் கொடுக்காத பகுதி. பேங்க் ஒண்ணும் கொடுக்கல," என்றார் அக்கா.

சின்ன சார் எழுதினார். ஏழாவது, அந்தப் பணம் உங்களுக்கு எப்படி வந்தது. பத்து வருஷம் சம்பாதித்துச் சேர்த்தது என்றார் அக்கா. எட்டாவதைப் படிக்கும்போது சின்ன சாரின் குரல் அதிகாரி குரலாகவே இருந்தது, அதை விட்டால் வேறு குரல் கைவசம் இல்லை.

"எந்த நோக்கத்துக்காகச் சேர்த்தீங்க?"

அது அவசியமா என்று கேட்டார் அக்கா. நான் எழுதிய கேள்வி இல்லை, அரசாங்கம் எழுதியது என்றார் சின்ன சார்.

"தனியா ஆபீஸ் போட," என்றார் அக்கா. "உன்கிட்டேருந்தும் அப்பாகிட்டேருந்தும் போறதுக்கு. இடம் பாத்தாச்சு, முன்பணம் கொடுத்தாச்சு, போர்டுல என்ன எழுதணும்னுகூட முடிவு பண்ணியாச்சு. அப்பத்தான் அப்பா வந்து நின்னார். பேங்க்ல கடன் கிடையாதுன்னுட்டாங்க, அவன் அதுக்குள்ள வீடு வாங்கப்போறேன்னு எல்லார்கிட்டேயும் சொல்லிட்டான், இப்ப முகத்த எங்க வச்சுக்குவான்னு கேட்டார்."

இந்த இடத்தில் வழக்கமாகச் சின்ன சாருக்கு ஒரு ஜோக் வரும். எவ்வளவு நெருக்கடியிலும் வந்திருக்கிறது, அப்பாவின் சாவு அன்றுகூட வந்தது. இப்போது தேடிப் பார்த்தார், கிடைக்கவில்லை. ஒன்பதாவது கேள்வியை விட்டுவிட்டு, ஏன் தன்னிடம் சொல்லவில்லை என்று கேட்டார்.

"சொல்லியிருந்தா ஒண்ணு நீ வாங்கியிருக்க மாட்டே. இல்லன்னா வாங்கிட்டு, ஆயுசு பூரா என் முன்னாடி தலையக் குனிஞ்சுக்கிட்டே நின்னிருப்பே. தலையக் குனிஞ்சுக்கிட்டு நிக்கிறவனோட ஒரே ஆபீஸ்ல உக்கார என்னால முடியாது. பீத்திக்கிறவனோட உக்காரலாம்."

அதை அக்கா கோபமாகச் சொல்லவில்லை, சேலையின் கரையை இழுத்துவிட்டுக்கொண்டே சொன்னார். சின்ன சார் மீதிக் கேள்விகளை வேகவேகமாகக் கேட்டு எழுதினார். பதிமூன்றாவது, இந்தத் தொகை கடனா அன்பளிப்பா. கடன் என்று போடு, அன்பளிப்பு என்றால் அன்றைக்கே பத்திரம் எழுதியிருக்க வேண்டும், இப்போது எழுதினால் ஆய்வுக்காரர்கள் அதற்கும் சிவப்பு ஒட்டுவார்கள் என்றார் அக்கா. பதினான்காவதும் முடிந்தது. அக்கா அட்டையை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"இப்பவும் போகணும்னு இருக்கா?" என்று கேட்டார் சின்ன சார்.

"அது படிவத்துல இருக்கா?"

"இல்ல."

"அப்ப பதில் கிடையாது."

சின்ன சார் பேனாவைத் திறந்தார். பதினான்காவதுக்குக் கீழே பதினைந்து என்று எண் போட்டு, அந்தக் கேள்வியைக் கையால் எழுதினார். தேவைப்பட்டால் அலுவலர் கூடுதல் கேள்வி கேட்கலாம், மூன்றாம் நபர் பதில் சொல்லக் கடமைப்பட்டவர், விதிகளில் பதினெட்டாம் பிரிவு என்றார். அக்காவின் முன்னால் அவர் ஒரு சட்டப்பிரிவை எண் மாறாமல் சொன்னது அதுதான் முதல் தடவை. அக்கா மறுபடி உட்கார்ந்தார். ஜன்னலுக்கு வெளியே பஸ் ஒன்று நின்று ஆட்களை இறக்கிவிட்டுப் போனது.

"ஆமா," என்றார் அக்கா. பிறகு, "அம்பத்தெட்டு வயசுல தனியாப் போர்டு மாட்டினா எல்லாரும் சிரிப்பாங்க," என்றார்.

"என்னைப் பாத்து முப்பது வருஷமாச் சிரிக்கிறாங்க அக்கா. உயிருக்கு ஒண்ணும் ஆகாது."

அக்கா சிரித்தார். சிரித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சின்ன சார் பதினைந்துக்கு எதிரே 'ஆம்' என்று எழுதி, தேதி போட்டு, இரண்டு இடத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டார். அக்கா போன பிறகு கதவைச் சாத்திவிட்டு, ஐம்பத்திரண்டு வயதுக்கு அழக்கூடிய அளவு அழுதார்.

திங்கட்கிழமை ஒன்பது பேரையும் கூட்டி, நாற்பத்தோராம் கோப்பு தீர்ந்துவிட்டது, முப்பத்தாறு நான்காக இறங்கியிருக்கிறது என்று அறிவித்தார். வீடு வாங்கிய பணம் அக்காவுடையது, கட்சிக்காரர் இதுவரை வெளியே சொல்லிவந்த விவரம் தவறானது, கெட்டிக்கார அயோக்கியனா அசடா என்று சென்ற வாரம் எழுந்த கேள்விக்கு விடை அசடு என்று காகிதத்தைப் பார்த்துப் படித்தார். இந்தத் தடவை எல்லாரும் சிரித்தார்கள். அவருக்கு அது எவ்வளவோ தேவலையாக இருந்தது.

வீட்டில் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. பெயர் சேர்ப்பது அப்புறம் இருக்கட்டும், முதலில் இந்த வீட்டை அடமானம் வைத்து அக்காவுக்குத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், அக்கா தனியாகப் போகட்டும் என்றார். அக்கா இல்லாமல் அலுவலகத்தை உங்களால் நடத்த முடியுமா என்று மனைவி கேட்டார். தெரியாது என்றார் சின்ன சார். மனைவி பின்கதவைத் திறந்து கொய்யா மரத்தைப் பார்த்தார். பிறகு, கடனிலாவது பாதியில் என் பெயர் இருக்கட்டும், ஜாமீன் கையெழுத்து நான் போடுகிறேன் என்றார்.

வங்கியில் இந்தத் தடவை மறுக்கவில்லை. வீட்டின் விலை ஏறியிருந்தது, வருமானக் கணக்கும் புதிய விதிகளின் புண்ணியத்தில் ஒழுங்காக இருந்தது. கடன் பிரிவு அதிகாரி ஓர் இளம்பெண். எல்லாக் கட்டத்தையும் நிரப்பிக்கொண்டு வந்தவர் ஒரு கட்டத்தில் நின்றார். கடனின் நோக்கம் என்னவென்று கேட்டார். கல்வி, வாகனம், திருமணம், மருத்துவம், தொழில் விரிவாக்கம், மற்றவை என்று திரையில் ஒரு பட்டியல் இருந்தது. தொழில் விரிவாக்கம் என்று போட்டுவிடட்டுமா, அதுதான் வழக்கம், யாரும் கேட்கமாட்டார்கள் என்றார்.

அப்படிப் போட்டால் பொய்யாகிவிடும், நான் இணக்க அலுவலர் என்றார் சின்ன சார்.

"அப்ப மற்றவை சார். விவரம் கேக்குது. என்ன எழுதட்டும்?"

சின்ன சார் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். அக்கா இல்லாத அலுவலகமும், அங்கே ஒன்பது பேர் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பதும் கண்முன்னால் வந்தன.

"எங்க அக்கா என்னை விட்டுட்டுத் தனியாப் போறதுக்குன்னு எழுதுங்க," என்றார்.

அந்தப் பெண் அவரை நிமிர்ந்து பார்த்தார். அவர் முகத்தில் கிண்டல் இல்லை என்று தெரிந்ததும், திரும்பி, அவர் சொன்னதை அப்படியே தட்டச்சு செய்தார்.